முத்தழகுக்கு சைக்கிள் வரவில்லை

கோவிலூர் முத்தழகுக்கு உட்கார நேரமில்லை. அவள் மகள் சௌபர்ணிகாவுக்கு எழுந்திருக்க நேரமில்லை. தாய் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே சேலை பிரித்துக் காட்டுகிறவள். மகள் பிளஸ் ஒன். வேனில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள், அங்கே உட்காருவாள், டியூஷனில் உட்காருவாள், வீட்டுக்கு வந்தால் செல்போனோடு கட்டிலில் சாய்ந்துவிடுவாள். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் கூடத்தில் நின்றது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. மழைநாளில் பாவாடை காயப்போட அதைவிட வசதியான சாமான் அந்த வீட்டில் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் எடுத்த பரிசோதனையில், பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பு கூடுதல் என்று சீட்டு வந்தது. முத்தழகு பதறிப்போய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"எடை கிடக்கட்டும். சோத்தைக் குறைச்சுப் பிள்ளைய வாட்டாதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்திருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா. கூட்டிப் பார்த்தால் பதினோரு மணி நேரம் வந்தது. "தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கணும். ஓடட்டும், ஆடட்டும், எதையாவது செய்யட்டும்."

சொல்வது சுலபம். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரி ஒருத்தி, "ஏத்தா, ஒனக்கு ரெண்டு நாற்காலி போடச் சொல்லவா?" என்று எல்லோர் முன்னாலும் பிள்ளையைக் கேட்டுவைத்தாள். அவள் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க! அன்றிலிருந்து பிள்ளை தெருவில் நடப்பதையே விட்டுவிட்டாள். "நான் ஓடுனா ஊரே பாக்கும்மா" என்பாள். முத்தழகு அதட்டியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவளுக்கு உடம்புகூட இரண்டாவதுதான். வாசல் தாண்டாமல் பிள்ளை உள்ளேயே ஒடுங்கிப் போகிறதே என்பதுதான் பெரிய வேதனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் அவள் துணிந்து ஒரு பொய் சொன்னாள். "ஏத்தா, கடையில எல்லாரும் ஸ்கூட்டி ஓட்டுறாளுக. எனக்கு சைக்கிளே தெரியாது. முதல்ல இதப் பழகிக்கிறேன். பின்னால புடிச்சுக்கிட்டு வாரியா?"

ஊர் பார்க்கப்போவது தன்னை அல்ல, தாயை என்றதும் பிள்ளை ஒப்புக்கொண்டாள்.

பொய் என்று ஏன் சொன்னேன் என்றால், முத்தழகு பக்கத்திலிருக்கும் கல்லல் ஊரில் பிறந்தவள். பத்து வயதில் அப்பா சைக்கிளில் அரைப்பெடல் போட்டு, தம்பியைக் கேரியரில் வைத்து ரயில்வே கேட்டு வரை போய்வந்தவள். தெரியாதவள் ஓட்டுவது கஷ்டம்தான். ஆனால் தெரிந்தவள் தெரியாதவள்போல் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். ஊருணிக் கரையில் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, "விட்டுராத ஆத்தா, விட்டுராத!" என்று கத்தினாள். பூக்கூடையோடு கோயிலுக்குப் போன நாச்சியம்மை ஆச்சி, "முத்தழகு, நீ போடுற சத்தத்துல ஊருணி மீனெல்லாம் கரையேறிரும் போல" என்று கேலி பண்ணினார். சௌபர்ணிகா கேரியரைப் பிடித்தபடி, சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்க ஓடினாள்.

முதல் வாரம் ஒரு சுற்றுக்கு நாலு இடத்தில் நின்றார்கள். மூன்றாம் வாரம் எங்கேயும் நிற்கவில்லை. பிள்ளையே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தாயை எழுப்ப ஆரம்பித்தாள். ஊர் பார்க்கத்தான் செய்தது. அவளுக்கு அது மறந்தே போயிற்று. முத்தழகுக்கு இப்போது ஒரே கவலை. தான் பழகிவிட்டால் பிள்ளையின் ஓட்டம் நின்றுபோகுமே! ஆகவே அவள் பழகவே இல்லை. "இன்னும் வரலியா ஒனக்கு?" என்று மகள் அலுத்துக்கொண்டால், "வயசாச்சுல்ல ஆத்தா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள்.

நாற்பதாம் நாள் கல்லலிலிருந்து தம்பி சேதுபதி வந்தான். ஊருணிக் கரையில் நின்று பார்த்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"என்னக்கா, என்னயக் கேரியர்ல வச்சு ரயில்வே கேட்டு வரைக்கும் பறப்பீக, இப்ப என்னமோ தள்ளாடுறீக?"

முத்தழகுக்குப் பகீரென்றது. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, நாளையிலிருந்து பிள்ளை மறுபடியும் கட்டிலோடு கட்டில்தான் என்று நினைத்தாள்.

சௌபர்ணிகா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். "எனக்கு ரெண்டாம் நாளே தெரியும் மாமா. வளைவுல ஒத்தக் கைய விட்டு முந்தானையச் சொருகிக்கிட்டே ஓட்டுச்சு அம்மா. அன்னைக்கே கேரியர விட்டுட்டேன். சும்மா பின்னாலதான் ஓடியாரேன்."

"பெறகு எதுக்குடி இத்தன நாளா ஓடுன?" என்றாள் முத்தழகு.

"நல்லாருந்துச்சும்மா. நீ கத்துனது அதவிட நல்லாருந்துச்சு."

முத்தழகுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் சைக்கிளை வாங்கி, தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தாள். "எனக்கு நெசமாவே ஓட்டத் தெரியாதும்மா. பயந்துக்கிட்டுத்தான் தொடவே இல்ல. புடிச்சுக்க. நீ விட்டுராத."

பதினாறு வயதுப் பிள்ளைக்கு சைக்கிள் தெரியாது என்பதே தாய்க்கு அன்றுதான் தெரிந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தாள் முத்தழகு. பாதிச் சுற்றுக்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.