திரும்பி வந்த கடிதத்தில் ஒட்டிய சீட்டு

போன வாரம் நான் அனுப்பிய ஈமெயில் ஒன்று திரும்பி வந்தது. கூடவே கம்ப்யூட்டர் ஓர் அறிவிப்பும் அனுப்பியிருந்தது. விலாசம் பிழையா, ஆள் இல்லையா, ஒன்றும் விளங்கவில்லை. யாருக்கு விளங்கவென்று இதையெல்லாம் எழுதித் தொலைக்கிறார்கள் என்று வாய்விட்டே திட்டினேன். திட்டி முடித்ததும் காதில் சாவு வீட்டுத் தப்பு மேளம் கேட்டது. பிறகு ஓர் அம்மாவின் முகம் வந்தது. இத்தனை வருஷமாகியும் அது என்னை விடுவதாக இல்லை.

எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு சின்னத் தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கோச்சி புறப்படும்போது ஸ்டேஷனில் எழும் அழுகை கந்தோர் வரை கேட்கும். பிறகு இங்கே இருந்தவர்கள் அங்கே போனவர்களுக்குக் கடிதம் போடுவார்கள். நிறையத் திரும்பி வரும். பேரின் மேல் அங்கத்துத் தபால்காரர் இழுத்த சிவப்புக் கோடு இருக்கும். ஆள் போய்விட்டார், போன இடம் தெரியாது என்று ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு சீல் இருக்கும்.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மா தன் ஒரே மகனுக்குப் போட்ட கடிதமும் அப்படித்தான் வந்தது. வாங்கிப் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் மேட்டு லயத்து வீடுகளிலிருந்து சாவுத் தப்பு கேட்டது. கந்தோருக்கு வந்த ஒருவர் சொன்னார், அந்த மகனுக்காம்.

பதறியடித்து ஓடினேன். லயத்து வாசலில் அவன் சட்டையைப் பலகையில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள்.

"செத்துட்டான்னு யாரும்மா சொன்னது?"

"பேர வெட்டி அனுப்பியிருக்காங்களே ஐயா," என்றார்.

தோட்டத்தில் ஆள் செத்தாலும் வேலையை விட்டுப் போனாலும் பதிவில் பேரைச் சிவப்பு மையால் வெட்டுவார்கள். மகன் கோச்சி ஏறிய அன்றே இங்கே வெட்டியாகிவிட்டது. இரண்டாம் தரமும் வெட்டினால் அது சாவில்லாமல் வேறென்ன?

சீலில் இருந்ததை வாசித்து விளக்கினேன். தப்பு நின்றது. அவர் சட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கந்தோருக்கு வந்ததும் போஸ்ட் மாஸ்டரோடு சண்டை பிடித்து, திரும்பி வரும் கடிதங்களில் ஒட்டத் தமிழில் ஒரு சீட்டு எழுதினேன். 'விலாசதாரர் வெளியேறிவிட்டார்' என்று முதலில் போட்டேன். "யாருங்க வெரட்டுனது?" என்று கடிதம் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: 'இந்த ஆள் இந்த விலாசத்தில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று தபால்காரருக்குத் தெரியாது. சிவப்புக் கோடு போட்டால் செத்துவிட்டார் என்று அர்த்தமில்லை.' எல்லோருக்கும் விளங்கியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த அம்மா விடாமல் கடிதம் போட்டார். எல்லாம் திரும்பின. ஒவ்வொன்றிலும் என் கையாலேயே சீட்டை ஒட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

சில வருஷம் கழித்து எனக்கு ராகலைக்கு மாற்றலானது. கடைசி நாளும் அவர் வந்தார். திரும்பி வந்திருந்ததை நீட்டினேன். சீட்டை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

"அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேங்க ஐயா. நீங்கதான் வந்து நிப்பாட்டிட்டீங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. "இனி எப்பங்க அழுவுறது?"

அவர் முந்தானைக்குள்ளிருந்து புதிதாக எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டினார். வாங்கி, முத்திரை குத்தி, பைக்குள் போட்டேன்.