நெரிடா கொடுக்காத பெயர்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் பெரியப்பா மகள் நெரிடா ட்ரெகென்சாவுக்கு உரிய பக்கத்தில் இதுவரை இருந்தவை சொற்பம்: பிறப்பு, ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் சுரங்க ஊர், 1961, மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள், திருமணம் ஒன்று, மணமுறிவு ஒன்று. சென்ற ஆண்டு நடந்ததையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. காகிதத்தில் உள்ளதையும் நேரில் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பின் அவள் முகநூலில் 'ஊர்ப் பலகை' என்ற குழுவை நடத்திவந்தாள். காணாமற்போன நாய்கள், மின்தடை, இறைச்சியைப் பரிசாகத் தரும் கால்பந்துச் சங்கத்துக் குலுக்கல் எல்லாம் அதில் வரும். பெயரை மறைத்தும் எழுதலாம். எழுதியவர் யார் என்பது நடத்துபவருக்கு மட்டும் தெரியும். மார்ச் மாதம் ஒருவர் அப்படி எழுதினார். கார்மடி நிறுவனத்தின் லாரிகள் தார்ப்பாய் போடாமல் சுரங்கக் கழிவுமண்ணைப் பாலர் பள்ளி வழியே கொண்டுபோகின்றன, ஓட்டுநர்கள் வாய்திறக்கக் கூடாதென்று உத்தரவு என்பது செய்தி.

ஒன்பதாம் நாள் நிறுவனத்தின் சிட்னி வழக்கறிஞரின் கடிதம் வந்தது. பதிவை நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுதியவரின் பெயரைத் தர வேண்டும். மறுத்தால் அவதூறு வழக்கு. பிறர் எழுதியதானாலும் இடம் கொடுத்த அவளே அதன் பதிப்பாளர் என்றது கடிதம். நீக்கிவிட்டால் வீடாவது மிஞ்சும் என்று நானும் சொன்னேன். அதை மறைப்பதற்கில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் துணியைத் துவைச்சிருக்கேன். எந்தத் தூசி எங்கேருந்து வருதுன்னு வக்கீல் வந்து சொல்லித் தரணுமா?" என்றாள்.

மறுநாள் பள்ளி வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, மூன்று நாள் படமெடுத்தாள். பத்தொன்பது லாரிகளில் தார்ப்பாய் போட்டவை நான்கு. அந்தப் படங்களும் பலகையில் ஏறின.

அடுத்த அடி வேறொருவர் மேல் விழுந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் ஒரு மென்பொருளைக் கொண்டு, பதிவு வெளியான நேரத்தையும் ஓட்டுநர்களின் வேலைக் குறிப்பையும் ஒப்பிட்டார்கள். பதிவு வெளியானது பிற்பகல் 3.20, அப்போது வண்டியோட்டாமல் பணிமனையில் இருந்தவர் டார்சி பெங்கெல்லி ஒருவரே. நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. டார்சி நெரிடாவின் சமையலறைக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

"அக்கா, நான் எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

"சொல்றது லேசுதான் டார்சி. அப்புறம் கம்பெனிக்காரன் அடுத்த ஆளைக் காட்டி இவனாம்பான். இல்லைம்பேன். அதுக்கடுத்த ஆளைக் காட்டுவான். கடைசியில யார் மிஞ்சுவா, நீயே சொல்லு."

டார்சி தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

பலகையின் ஒவ்வொரு பதிவையும் அச்செடுத்து, துணிக்கவ்வியால் நாள்வாரியாகச் செருகி வைப்பது அவள் வழக்கம். மறுநாள் காலை அந்தக் கட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளிடமிருந்த தாளில் அந்தப் பதிவின் நேரம் 2.50. எங்கள் வட்டாரம் சிட்னியின் மாநிலத்தில் இருந்தாலும் பக்கத்து மாநிலத் தலைநகரான அடிலெய்டின் நேரத்தில் வாழ்வது. அரைமணி வித்தியாசம் இங்கே பள்ளிக் குழந்தைக்கும் தெரியும், மென்பொருளுக்குத் தெரியவில்லை. அது பதிவின் நேரத்தைச் சிட்னிக் கணக்கிலும், வேலைக் குறிப்பை எங்கள் கணக்கிலும் எடுத்துக்கொண்டது. எழுதியவரின் பெயர் கேட்டு நிறுவனம் நீதிமன்றத்தில் போட்டிருந்த மனுவோடு இணைத்த வேலைக் குறிப்பைப் பார்த்தோம். 2.50க்கு டார்சி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தேநீர் இடைவேளையில் ஓட்டுநர்கள் பதினொரு பேர் இருந்தார்கள்.

விசாரணை காணொளியில் நடந்தது. சிட்னிக்குப் பத்து மணி. எங்கள் கடிகாரத்தில் ஒன்பதரைக்கு அமர்ந்துவிட்டோம். நெரிடா தன் முதுகுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் தெரியும்படி நாற்காலியைப் போட்டிருந்தாள். பெயரைத் தர ஆணையிட வேண்டுமென்று வழக்கறிஞர் வாதிட்டு முடித்ததும், விசாரித்த நீதிமன்ற அதிகாரி அவளைப் பேசச் சொன்னார்.

"மேடம், என் பின்னால இருக்கற கடிகாரத்துல மணி என்னன்னு பாருங்க."

"அது அரைமணி பின்னால ஓடுதுங்க," என்றார் வழக்கறிஞர்.

"கடிகாரம் சரியா ஓடுது தம்பி. இந்த ஊரே உங்களுக்கு அரைமணி பின்னாலதான், நூறு வருஷத்துக்கு மேலா. உங்க மெஷினுக்கு அதை யாரும் சொல்லலை. அதனால வண்டி ஓட்டிட்டிருந்தவனை வீட்ல உட்கார வச்சிருக்கீங்க."

அதிகாரி தன் முன்னிருந்த வேலைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். வழக்கறிஞரும் அதைப் பார்த்து, அப்படியானால் பதினொருவரில் யார் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான்தான் பதிப்பாளர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ கேஸை என் மேல நடத்துங்க. படம் எடுத்து வச்சிருக்கேன், கோர்ட்டுக்கு வரேன்."

ஆணை பிறந்த பின் மறுத்தால் அதுவே குற்றமாகலாம் என்று அதிகாரி எச்சரித்தார். புரிகிறது என்றும், தான் மறுத்ததைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் நெரிடா சொன்னாள்.

டார்சி அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். பெயர் கேட்கும் மனு இன்னும் முடியவில்லை. இந்த ஆண்டு ஆகஸ்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. பதிவு பலகையில் அப்படியே இருக்கிறது.

பதிவேடு முழுமையாக இருக்கட்டுமென்று, அந்தப் பெயரை எழுதி, நான் கொடுத்த உறையில் இட்டு ஒட்டித் தருமாறு அவளிடம் கேட்டேன்.

"நாளைக்கு உன் ஏட்டையும் கொண்டான்னு கேட்பாங்கடா," என்று சிரித்தாள். "தொழில்னு ஒரு கட்டம் வச்சிருக்கியே, அதுல சலவைக்குக் கீழே பதிப்பாளர்னு எழுது. அது போதும்."

எழுதினேன். உறை வெறுமையாகவே திரும்பி வந்தது. அதையும் அவள் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.