துவக்கைக் கொண்டுபோன பிறகு

பீலெஃபெல்டில் ஒரு தளபாடத் தொழிற்சாலை. எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஜெர்மன்காரர். குறிபார்த்துச் சுடும் சங்கத்தில் இருந்தார். வீட்டில் அனுமதியோடு துவக்குகள் வைத்திருந்தார். இடைவேளையில் நாங்கள் இருவரும் ஒரே மேசை. எங்கேயாவது துவக்குச்சூடு நடந்து, சட்டத்தை இறுக்க வேண்டும் என்று செய்தி வந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“எவனோ ஒரு விசரன் சுட்டா என்ர துவக்கை ஏன் பறிக்கோணும்? அது இரும்பு அலுமாரிக்குள்ள சும்மா கிடக்குது.”

“அலுமாரித் திறப்பு உன்னட்டத்தானே கிடக்குது” என்பேன்.

“உங்கட நாட்டில ஆர் அனுமதி கேட்டுச் சுட்டவங்கள்? நீ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறாய்!” சிரித்துக்கொண்டே தன் கேக்கில் பாதியை என் பக்கம் தள்ளுவார்.

அவர் மனைவி புற்றுநோயில் இறந்துபோனார். செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் வழக்கம். இங்கே சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நான் போனேன். என் மனைவி உறைப்புக் குறைத்துச் சமைத்துத் தந்தாள்.

குசினி மேசையில் துவக்கு கிடந்தது. பக்கத்தில் ரவைப் பெட்டி.

“துடைக்கப்போறன்” என்றார். துணியும் இல்லை, எண்ணெயும் இல்லை.

“உள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுத் திறப்பை என்னட்டத் தா.”

“ஏலாது. அது சட்டத்துக்கு எதிர்.”

சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே வந்து மனைவிக்குப் போன் அடித்தேன்.

“பொலிசுக்குச் சொன்னா அந்த மனுசன் இனி உங்களோட கதைக்குமேயப்பா?”

“கதைக்காது.”

“பிறகு?”

“சொல்லத்தான் போறன்.”

சொன்னேன். அவர்கள் வரும்வரை தெருவில் நின்றேன். எல்லாத் துவக்கையும் கொண்டுபோனார்கள். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பிறகு அனுமதியும் போனது.

திரும்ப வேலைக்கு வந்தவர் வேறு மேசையில் இருந்தார். காலை வணக்கம் சொன்னால் இயந்திரத்தை முடுக்கிவிடுவார். ஒரு நாள் மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

“நீ என்னட்டத் திறப்பைத் திரும்பவும் கேட்டிருக்கலாம்.”

“தந்திருப்பியோ?”

“தெரியாது. மனுசியும் போய், எனக்கெண்டு இருந்தது அந்தச் சங்கத்து ஆக்கள்தான். இப்ப அங்கயும் போறேல்லை.”

அதை நான் யோசிக்கவில்லை. அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. போன வருடம் பென்சன் எடுத்துப் போய்விட்டார்.

இன்றைக்கென்றாலும் பொலிசைக் கூப்பிடுவேன். ஆனால் தெருவில் நிற்கமாட்டேன். உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன்.