ஆற்றுவாய் வெட்டிய மறுநாள்

பாசி பிடித்த தோணியின் அடியைத் தடவினால் நனைந்த நாயைத் தடவுவது போலிருக்கும். மணம் மட்டும் நாயைவிட மோசம். அந்த மணம் கையில் ஒட்டியிருக்கத்தான் எங்கள் அக்கா சாதாரண தரச் சோதனை என்ற பெரிய பள்ளிப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடம் எழுதினாள்.

எங்கள் ஊர் பழுகாமத்தில், கடலோடு சேரும் வாவியை நாங்கள் "ஆறு" என்றுதான் சொல்லுவோம். அந்த மார்கழியில் மழை விடாமல் அடித்து, ஆறு பெருகி, எங்கள் "வட்டை" என்ற வயல்வெளி முழுதும் தண்ணீருக்குள் போய்விட்டது. கடலோரம் மணல் மூடிக்கிடக்கும் "ஆற்றுவாயை" வெட்டினால்தான் வெள்ளம் வடியும். அப்பாவும் மற்ற வயல்காரரும் அதிகாரிகளிடம் போய் நின்று, வாய்ச்சண்டை பிடித்து, வெட்டுவித்துவிட்டுப் பெரிய வெற்றியோடு வீடு வந்தார்கள். மறுநாள் அக்காவுக்குச் சோதனை என்பதும், சோதனை மண்டபம் அக்கரையில் என்பதும், வாய் வெட்டினால் ஆறு இழுக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மூன்றையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருமில்லை.

விடியத் துறைக்குப் போனால், சனத்தை ஏற்றி இறக்கும் "பாதை" என்ற பெரிய மிதவை ஓட்டத்துக்குப் பயந்து கட்டிக்கிடந்தது. எங்கள் தோணியை அவிழ்த்தோம். வயலோடு மல்லுக்கட்டிய நாட்களில் அதைக் கரையேற்றிக் காயவிட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் மூச்சுமுட்டத் துடுப்புப் போட்டும் தோணி முன்னே போகாமல் தண்ணீரோடு பக்கவாட்டில் போனது. அடியில் அடர்ந்த பாசி அதைப் பிடித்து வைத்திருந்தது.

"நீங்கதானே வெட்டச் சொல்லி நிண்டநீங்க? இப்ப தண்ணியோட கோவிச்சு என்ன?" என்றார் அம்மா. "கரைக்குத் திருப்புங்க. சுரண்டாம இது நகராது."

"சுரண்டி முடியிறதுக்குள்ள சோதனை முடிஞ்சிரும்!" அக்கா அழத் தொடங்கினாள்.

"அழுதுகொண்டே சுரண்டு புள்ள," என்றார் அம்மா.

தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்து, கையில் அகப்பட்ட தேங்காய்ப் பொச்சு மட்டைகளால் நாலுபேரும் உரஞ்சினோம். அக்காவின் வெள்ளைச் சட்டை பச்சையானது.  அவள் இதில் தவறினால் எங்கள் வீட்டில் பிறகு யாரும் யாரோடும் பேசமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

கரையோரம் கண்டல் மரங்களின் வேர்களில் உரசி உரசித் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதற்குள்ளேயே ஓட்டத்துக்கு எதிராகக் கனதூரம் ஏறிப்போய், தண்ணீர் இழுத்தாலும் அக்கரைத் துறையில் போய்ச் சேரும்படி பிறகுதான் நடு ஆற்றுக்குத் திரும்பினோம். ஓடும் தண்ணீர் ஒரே சீராக இழுக்கும் என்று சொல்பவர்கள் அதில் இறங்கிப் பார்க்காதவர்கள். சற்றுத் தளரும், அப்பாடா என்று மூச்சு விடுவோம், உடனே எங்கிருந்தோ ஒரு சுழி வந்து தோணியின் தலையைத் திருப்பும். "குணங்கெட்ட தண்ணி!" என்று அப்பா அதை முகத்துக்கு நேரே ஏசினார். ஆனாலும் சுரண்டிய தோணி சொல்வழி கேட்டது.

மணி அடிக்கவும் அக்கா மண்டபத்துக்குள் ஓடவும் சரியாக இருந்தது. உராய்வைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று வெளியே வந்ததும் அதற்கும் குறைப்பட்டாள்.

வயல்தான் தப்பவில்லை. தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகிக் கிடந்தது.

இப்போது பாலம் வந்துவிட்டது. பாதை இல்லை, துறையில் காத்துநிற்கும் சனம் இல்லை, எங்கள் தோணியும் இல்லை. அக்கா செங்கலடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஆனால் மழைக்காலத்தில் ஆற்றுவாய் வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அப்பா இன்னும் அவளுக்குத் தொலைபேசி எடுப்பார்.

"நாளைக்குப் புள்ளையளுக்குச் சோதனை ஏதும் இருக்கா மகள்?"

"அதுதான் பாலம் இருக்கே அப்பா."

"ஓம், இருக்கு. நீ எதுக்கும் கேட்டுச் சொல்லு."