எங்கள் கிணறும் அவருடைய இன்ஜினும்

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் என் முகத்தில் விழிப்பதில்லை. நேரே வாசலுக்குப் போய், அங்கே நிற்கும் டீசல் பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறப்பார். ஆயில் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டை விரலில் எடுத்து உரசுவார், மோந்து பார்ப்பார். நான் வைக்கும் மீன்குழம்பை ஒருநாளும் இப்படி மோந்து பார்த்ததில்லை. துடைக்கிற துணி என்னுடைய பழைய காட்டன் சேலை. பழையது என்று அவராக முடிவுசெய்த சேலை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு சாவியைப் போடுவார். வண்டி உறுமத் தொடங்கியதும் கிளம்பிப் போய்விடுவார் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். ஆயில் மேலே ஏற ஒரு நிமிடம் வேண்டுமாம். திரும்பி வந்தாலும் அப்படித்தான். வண்டி நின்ற பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும், இன்ஜினில் டர்போ என்று ஒன்று இருக்கிறதாம், அதன் சூடு ஆற வேண்டுமாம். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அறுபது பிள்ளைகளோடு தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்து, நோட்டுக்கட்டைக் கீழே போட்டு மூச்சு வாங்கினால், "சோறு ஆச்சா?" என்பார். எனக்குச் சூடு ஆறியதா என்று கேட்க நாதியில்லை.

கடியப்பட்டணத்திலும் முட்டத்திலும் கரைக்கு வருகிற மீனை ஐஸ் பெட்டிகளில் ஏற்றி நாகர்கோவில் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் தொழில். மீன் வண்டிக்கு ஆயுசு குறைவு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டி அடிப்பாகத்தை அரித்துத் தின்னும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் காற்றோடு ஏர் ஃபில்டரில் போய் அடையும். இவர் அதற்கெல்லாம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தினமும் அடியைக் கழுவுவார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக எத்தனையாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் கிடையாது, ஆலயத்துக்கு அதே வண்டியில்தான் போவோம். ஒருநாள் பாதி வழியில் "ஒரு சத்தம் கேக்குது" என்று நிறுத்தி, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆலய மணி மட்டும்தான் கேட்டது. நாங்கள் உள்ளே போனபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. நான் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பெண்கள் மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர் மட்டும் கிரீஸ் கையோடு மகா திருப்தியாகப் பாட்டுப் பாடினார்.

வண்டிக்காக அவர் இத்தனை பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் பதினோரு வருடம் சவுதியில் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், வீடு பழகிவரும்போது கிளம்பிவிடுவார். அங்கே சேர்த்ததை வைத்து இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கித்தான் ஊரோடு தங்கினார். வண்டி ஓடினால் அவர் இங்கே இருப்பார், வண்டி நின்றால் மறுபடி பிளேன் ஏற வேண்டியதுதான். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வண்டியைச் சக்களத்தி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பராமரிப்பில் ஒரே ஒரு வேலை என்னுடையது. அவர் சாவி போடுவதற்கு முன்னால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது.

நாங்கள் இருக்கும் மனை என் அப்பா எனக்குத் தந்தது. கடல் பக்கம் என்பதால் சுற்றிலும் உள்ள கிணறுகளெல்லாம் உப்பு. அப்பா வெட்டிய எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். கோடையில் தெருவே குடத்தோடு வந்து நிற்கும். அந்தக் கிணற்றைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி வாங்கிய புதிதில் இவர் ஒரு கேனில் பச்சை நிறத்தில் எதையோ வாங்கி வந்தார். கூலன்ட், ரேடியேட்டருக்கு இதைத்தான் ஊற்ற வேண்டும் என்றார்.

"சாயம் கலக்கின வெள்ளத்த யாராவது காசு குடுத்து வாங்குவாவளா? ஊரே வந்து கோரிட்டுப் போற கெணறு இங்க கெடக்கு" என்றேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

"ஏட்டி, குடிக்க கொள்ளாம், நல்ல வெள்ளந்தான். இன்ஜினுக்கு இந்த வெள்ளம் ஆவாது" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான் சொன்னார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், சட்டை துவைத்தேன், பேசவில்லை. நாலாம் நாள் அந்தக் கேனைக் காணவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் செம்பும் கையுமாகப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். விளிம்பு வரை ஊற்றினால் சூட்டில் கொஞ்சம் வெளியே வழிந்துபோகும், மறுநாள் குறைந்திருக்கும். "பாத்தியளா, தண்ணி கேக்குது" என்று மறுபடி ஊற்றுவேன். பிள்ளைக்குக் கழுத்துவரை சோற்றைத் திணித்து, அது கக்கியதும் பசிக்குது போல என்று மறுபடி திணிக்கிற தாய் மாதிரிதான்.

போன வருடம் கடலில் சாளை மீன் வாரிக் கொட்டிய நாட்களில் அவருக்கு ஓய்வே இல்லை. ஒரு புதன்கிழமை காலை, வண்டி நிறைய சாளை. இரணியல் தாண்டி ஓர் ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. உடனே ஓரம் கட்டினார். ஆனால் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, மீன் கெட்டால் கடலுக்குப் போய் வந்தவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி. ஆறவிட்டு ஓட்டினார், முள் ஏறியது, நிறுத்தினார். இப்படி மூன்று தடவை. மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு பிக்கப்பில் கயிறு கட்டி மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, கையைவிட வாய் வேகம். ஆயில் கம்பியை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால்சாயா நிறத்தில் இருந்தது.

"வெள்ளம் உள்ள எறங்கிட்டு தங்கச்சி. மேல உள்ள ஹெட்டுக்கும் கீழ உள்ள பிளாக்குக்கும் நடுவுல இருக்க கேஸ்கெட் போச்சு. ஹெட்ட கழத்தி லேத்துக்கு அனுப்பியிருக்கேன். அது கோணியிருந்தா சரியாக்கிரலாம். கீழ பிளாக்குல விரிசல் விழுந்திருந்தா வண்டிய எடைக்குத்தான் போடணும். சனிக்கிழமை பாத்து சொல்லுதேன்."

சவுதியில் இருக்கும் அவருடைய பழைய நண்பர் ஒரு மாதமாகவே ஒரு விசாவை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் ஒவ்வொரு தடவையும் சிரித்து மழுப்புவார். அன்று ஷெட்டுக்கு வெளியே நின்று போனில் பேசியவர் மழுப்பவில்லை. "சனிக்கிழமை ராத்திரி சொல்லுதேன் மக்கா" என்றது எனக்குக் கேட்டது.

மெக்கானிக் அதற்குள், கழற்றிப் போட்டிருந்த ரேடியேட்டர் ஹோஸை எடுத்து வந்தார். உள்ளேயிருந்து வெள்ளையும் காவியுமாக ஒரு பொருக்கைப் பெயர்த்து, "இது அடச்சுத்தான் இன்ஜின் சூடாயிட்டு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது இதுதான், நான் புளி போட்டுத் தேய்ப்பதும் இதைத்தான். கடின நீர் என்றால் என்ன, அதைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் என்ன படியும், கொதிகலன் குழாயில் அது படிந்தால் என்ன ஆகும் என்று வருடாவருடம் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். பதில் தெரியாத பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகிறவளும் நான்தான். அட கடவுளே, முதலில் என்னை அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்! தண்ணீர் இனிக்கிறது, அதனால் நல்லது என்று முடிவுகட்டிவிட்டேன். அதிலே அப்பாவின் பெயர் வேறு சேர்ந்துகொண்டது. படித்த படிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அண்ணே, இதப் பத்தி அவரு ஒங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்லியா?" என்று கேட்டேன்.

"என்னத்த சொல்ல! ஆறு மாசத்துக்கு ஒருக்க வண்டிய இங்க கொண்டு வருவான். ஒனக்க கெணத்து வெள்ளத்த பூராவும் தெறந்து விட்டு, மருந்து ஊத்தி அலம்பி, நீ கண்டுபிடிச்சிராம இருக்க சாயமில்லாத கூலன்டாப் பாத்து நெறச்சுட்டுப் போவான். மறுநாள் காலம்பற நீ செம்போட வந்து நிப்பியாம். இந்தத் தடவ சாளை சீசன்ல வர முடியாம போச்சு. ஏலே, பெண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைச்சா என்னன்னு கேட்டா, 'அது அவளுக்க அப்பா வெட்டின கெணறு, சொன்னா வெசனப்படுவா'ங்கான்." சொல்லிவிட்டு மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்ஜினுக்கு ஆயிரம் பத்தியம் பாக்கவன், பெண்டாட்டி சொன்னா மண்ணெண்ணெயும் ஊத்துவான் போல!"

எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருடம் என் கிணற்றை எனக்குத் தெரியாமல் ஓடையில் திறந்துவிட்டிருக்கிறார் மனுஷன்! என்னுடையது என்று நான் நினைத்த ரேடியேட்டர் வேலையில் பாதி அவர் பார்த்த வேலை.

வியாழக்கிழமை முழுக்க அவரிடம் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கிண்டல் என்றால் எனக்குச் சரளமாக வரும், மன்னிப்பு வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, அவர் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வருடம் வரை செல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பையைக் கீழே வைத்தேன். "கெணத்து வெள்ளம் ஆவாதுன்னு எங்கிட்ட அழுத்திச் சொல்ல வாயில்லியா ஒங்களுக்கு?"

அவர் மெக்கானிக்கை மனதுக்குள் திட்டியிருப்பார். "ஒருக்க சொன்னேம்லா. மூணு நாளு நீ மிண்டல" என்றார்.

"அதுக்காக இன்ஜின சாவ விடுவியளா?"

"சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். நீ மிண்டாம இருக்கதுக்கு இது மேல்னு தோணிச்சு." பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு பிளாக்குல விரிசல்னு சொல்லிட்டான்னா, போறதத் தவிர வேற வழி இல்லட்டி. ரெண்டு வருசந்தான்."

போன பதினோரு வருடமும் இப்படி ஒரு 'ரெண்டு வருசந்தானில்' தொடங்கியதுதான். அந்த வருடங்களில் நான் போனில் அவரைக் கேலி செய்தே காலத்தை ஓட்டினேன். ஒட்டகத்தோடு சௌக்கியமா என்று கேட்பேன். அவர் சிரிப்பார். போனை வைத்துவிட்டு அடுக்களையில் போய் நிற்பேன், எதற்கு வந்தோம் என்று மறந்துபோகும். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. நான் தைரியசாலி என்று ஊரில் ஒரு பெயர் வேறு இருந்தது.

பிளாக்கில் விரிசல் இல்லை, ஹெட் மட்டும்தான் கோணியிருக்கிறது என்று மறுநாள் மெக்கானிக் பார்த்துச் சொன்னார். வண்டி இன்றைக்கும் கூலன்ட் குடித்துக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அது எங்கள் இருவருக்கும் தெரியாது. விரிசல் விழுந்திருக்கும் என்றே நான் நம்பினேன், நம்பிக்கொண்டுதான் பேசினேன்.

"விரிசல் விழுந்தாலும் நீங்க போவண்டாம். வண்டி போனா போட்டும். எனக்க சம்பளம் இருக்கு, கஞ்சி குடிச்சுக் கெடப்போம். எனக்கு நீங்க இங்க இருக்கணும். நீங்க இல்லாத வீட்டுல இனி ஒரு நாளும் என்னால இருக்க முடியாது."

சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. நோட்டுக்கட்டை எடுத்து மேசையில் அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன். அவர் பாஸ்போர்ட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இப்பந்தான் சொல்லுத" என்றார்.

"எப்பமாவது கேட்டியளா?"

"மொதல்ல போனப்பம் பெட்டி கட்டினோம்லா. நீ இந்த ஒரு வார்த்த சொல்லுவியான்னு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். சொல்லியிருந்தா நான் பிளேனே ஏறியிருக்க மாட்டேன்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க அதை எந்தச் சட்டைக்குள் சுற்றி வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கம் திரும்பவே இல்லை.