யோகேஸ்வரன் மாப்பிள்ளை விசாரித்த கதை

லண்டன் கிங்ஸ்பரியில் யார் வீட்டுக் கலியாணப் பேச்சென்றாலும் முதல் தொலைபேசி யோகேஸ்வரனுக்குத்தான் வரும். பலசரக்குக் கடைக் கல்லாவில் இருந்தபடியே கனடாவுக்கும் பாரிஸுக்கும் பேசுவார். மாப்பிள்ளையின் பெரியப்பா யாரோடு காணிச் சண்டை பிடித்தார் என்பது வரைக்கும் பின்னேரத்துக்குள் வந்து விழுந்துவிடும்.

அப்படிப்பட்டவருடைய மகள் ஜதுர்ஷிகா போய் ஒரு ஜெர்மன்காரனை விரும்பினாள். பெயர் யோனாஸ். நல்ல பிள்ளை, இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிடுகிற பிள்ளை. ஆனால் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர் என்று அவருடைய சொந்த ஊரான சுன்னாகத்து ஆள் ஒருவரும் அகப்படவில்லை.

"விசாரிக்காமல் ஓம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது," என்றுவிட்டார்.

"விசாரியுங்கோ அப்பா. மே மாதம் ரெஜிஸ்டர் பண்றம், நீங்கள் வந்தாலும் வராட்டியும்," என்றாள் மகள். பிறகு அறைக்குள் போய் அழுதாள். அது அவருக்கும் கேட்டது.

"பெடியன்ரை தாய் தேப்பன் உயிரோடைதானே இருக்கினம், கேளுங்கோவன்," என்றார் மனைவி பாலாம்பிகை. குடும்பத்தைப் பற்றிக் குடும்பத்தையே கேட்பதா? அதற்குப் பெயர் விசாரணையா?

யோனாஸின் ஊர்த் தேவாலயத்துப் பழைய பதிவேடுகள் இணையத்தில் இருப்பதாக அறிந்தார். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் அகதியாக இருந்தவர், பாஷை தண்ணீர்பட்ட பாடு. ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சொல் புரிந்தால்தானே! எழுத்தெல்லாம் வேலிக்கு நட்ட கதியால் தடிகள் மாதிரி நிரையாக நின்றன. அந்தக் காலத்துக் கையெழுத்து இன்றைய ஜெர்மன்காரருக்கே பிடிபடாதாம்.

விட்டாரா? இணைய வகுப்பொன்றில் சேர்ந்தார். வாசிக்க வேண்டுமென்றால் முதலில் எழுதிப் பழகுங்கள் என்றார் ஆசிரியை. அறுபதை எட்டும் வயதில், கொத்தமல்லிக் கட்டுக்கும் முட்டைப் பெட்டிக்கும் நடுவே கொப்பியை விரித்துக் கொக்கி கொக்கியாக எழுதினார். தெளியாத சொல்லை ஊகிக்கக்கூடாது, இடம் விட வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். இவரோ யோனாஸின் ஊர்ப் பதிவேட்டைப் பெயர்த்தெழுதி, மங்கலான சொல்லையெல்லாம் களவு, குடி, சண்டை என்று நிரப்பி அனுப்பினார். ஆசிரியை திருத்தி அனுப்பினால், பாவம், யோனாஸின் முன்னோர் எல்லாரும் மா அரைக்கிறவர்களும் பாண் சுடுகிற பேக்கரிக்காரர்களுமாக இருந்தார்கள்.

"இன்னும் ஒரு குற்றமும் கிடைக்கேல்லையோ?" என்று தேத்தண்ணீர் வைக்கும்போதெல்லாம் பாலாம்பிகை கேட்பார். "எவ்வளவு பாடுபடுறியள்!"

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, குசினிக்குள் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அம்பிட்டிட்டுது! யோனாஸின்ரை பரம்பரையிலை, அந்தக் காலத்திலை, ஒரு பொம்பிளை. அவளின்ரை கலியாணத்துக்குச் சொந்தத் தேப்பனே வரேல்லை. பாதிரியார் எழுதி வைச்சிருக்கிறார். இந்த முறை ரீச்சரும் சரியெண்டிட்டா."

"ஏன் வரேல்லையாம்?"

"மாப்பிள்ளை வேற்றூரானாம். பிடிக்கேல்லையாம்."

"பிறகு அதுகள் நல்லா இருந்துதுகளோ?"

"பிள்ளையள், பேரப்பிள்ளையள் எண்டு பக்கம் பக்கமாக் கிடக்கு."

"அந்தத் தேப்பனைப் பற்றி?"

யோகேஸ்வரன் கணினிக்குத் திரும்பிப் போய் முன்னும் பின்னும் தேடினார். அந்த மனிதர் அந்த ஏட்டில் வேறெங்கும் இல்லை.

"வேறை ஒண்டுமில்லை," என்றார் மெதுவாக. "வரேல்லை எண்டது மட்டும்தான் கிடக்கு."

பாலாம்பிகை தொலைபேசியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். யோகேஸ்வரனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

"பிள்ளை, மேயிலை எத்தினையாம் தேதி? சாட்சிக் கையெழுத்துக்கு நான் வாறன். ஆருக்கும் விளங்கிற மாதிரி வடிவா எழுதுவன்."