அந்த வானம் நான் போட்டது

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கீழக்கரையில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினேன். முதுகுளத்தூரில் ஒன்று, சாயல்குடியில் இன்னொன்று. "கேமராவைத் தொடாதே" என்று விரட்டிய முதலாளி, தன் மகன் கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் லேசில் ஆடிப்போகிற ஆளில்லை. நேற்று ஆடிப்போனேன்.

ராமேஸ்வரத்தில் என் மைத்துனர் மகன் புதிதாக லாட்ஜ் கட்டியிருக்கிறான். உள்ளே நுழைந்ததும் பெயின்ட் வாடை. முன்கூடத்தில் சுவரை அடைத்து ஒரு படம்: பாம்பன் கடல், கரையில் வள்ளம், மேலே வானம். வானத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. அந்த மேகங்கள் நான் போட்டவை.

பெயின்ட் வாடை என்றாலே எனக்கு அந்தத் திரைதான். ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிட, இரண்டு காடாத் துணிகளைச் சேர்த்து என் சம்சாரம் கையாலேயே தைத்தாள். சவரம் செய்யும் பிரஷ்ஷால் மேகம் போட்டேன். நல்ல மேகங்கள், மதுரையில்கூட அப்படிக் கிடையாது. தையல் ஓடிய இடத்தில் மட்டும் பெயின்ட் தடித்து, வானத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. எவ்வளவு பூசியும் மறையவில்லை.

"கோடு தெரிஞ்சா என்னவாம்? படம் எடுக்க வாரவுக மூஞ்சியப் பாப்பாகளா, வானத்தப் பாப்பாகளா?" என்றாள்.

வந்தவர்கள் பெரும்பாலும் துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்களின் வீட்டுப் பெண்கள். கைப்பிள்ளையோடு நிற்பவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு எடுப்பேன். கணவர் அனுப்பிய படத்தை பிளேடால் நறுக்கி அங்கே ஒட்டி, ஓரத்தை பிரஷ்ஷால் தீற்றி, மறுபடி படம் எடுத்துவிட்டால் போதும். பிள்ளையைக் கண்ணாலேயே பார்த்திராத வாப்பா பிள்ளைக்குப் பக்கத்தில் சிரிப்பார். என்னைப்போல ஒட்ட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

லாட்ஜ் படத்தை வரைந்த பெண்ணும் அங்கேதான் நின்றாள். கீழக்கரைக்காரி, சென்னையில் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை.

"வள்ளத்துக்கு மண்டபம் கடக்கரையில பெயின்ட் உரிஞ்சு கெடந்த பலகைய போட்டோ எடுத்தேன் அய்யா. வானத்துக்கு எங்க உம்மம்மா, எங்க உம்மாவக் கைப்புள்ளயா வச்சுக்கிட்டு நிக்கிற பழைய படம். கறுப்பு வெள்ளைதான். அத அடியில வச்சு, மேல கலர் பூசிக் கலந்துட்டேன்."

"ஏத்தா, அந்தக் கோடு?"

"ஃப்ளைட்டு போன தடம் அய்யா. துபாய்க்குப் போன ஃப்ளைட்டுன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாக."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கோட்டின் முனையில் கடுகளவு விமானம் ஒன்றையும் வரைந்து வைத்திருந்தாள்.

"ஆத்தாடி! அது வானமே இல்லத்தா. துணி. எங்க வீட்டுக்காரி போட்ட தையலு."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. "உம்மம்மா மவுத்தாகி கண்ண மூடுற வரைக்கும் அந்தக் கோட்டத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாக அய்யா. ஒங்க உம்மாவோட வாப்பா இதுலதான் போறாகன்னு."

அதுவரை அந்தக் கோட்டை என் வேலையில் விழுந்த ஒரே பழுது என்றுதான் நினைத்திருந்தேன்.

படத்தில் என் பெயரும் வர வேண்டும் என்றேன். மைத்துனர் மகன் குறுக்கே வந்தான். "விடுங்க மாமா. வானம் யாருக்குச் சொந்தம்? வெள்ளிக்கிழம படத்துக்குக் கீழ, வரஞ்சவுக பேரு போட்ட பலகைய மாட்டணும்."

"ஏலே, ஒன் லாட்ஜு தானா மொளச்சதுன்னு எவனாச்சும் சொன்னா சும்மா இருப்பியா?"

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. திரையை மாரியூர்ச் சொந்தக்காரர் கருவாடு மூட வாங்கிப்போனார், உப்பில் இற்றுவிட்டது. தைத்தவளும் போய்விட்டாள். விமானம் இருக்கட்டும், அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பலகையில் அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், "வானம்" என்று போட்டு என் பெயர் வந்தாக வேண்டும். வராமல் ஓர் ஆணியும் அடிக்க விடமாட்டேன்.